சோதனையும் சொல்லும்



லெந்து நாட்களின் இந்த மாலைக் கூட்டத்தில் சோதனையைப் பற்றிப் பேச வேண்டுமென்று என்னைப் பணித்தபோது, ஒப்புக்கொள்ளச் சற்றே தயங்கினேன். சோதனையை எதிர்த்து நிற்பது எப்படி என்று மேடையேறிச் சொல்பவன் அதனை வென்று முடித்தவன் என்று கேட்போர் எண்ணிக்கொள்ளக் கூடும்; அப்படி வென்று முடித்த ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை, நானும் அப்படிப்பட்டவன் அல்லேன். ஆயினும், நம்முடைய சபைகளில் இந்தப் பொருளைக் குறித்து எத்தனையோ பிரசங்கங்கள் நிகழ்ந்தும், சோதனையில் உண்மையாகவே அகப்பட்டுத் தவிக்கிற மனிதன் அவற்றையெல்லாம் கேட்டுவிட்டு, வந்தபோது எவ்வளவு தனியனாய் வந்தானோ அவ்வளவு தனியனாகவே வீடு திரும்புகிறான் என்பதை நெடுங்காலமாகக் கண்டு வருந்தியிருக்கிறேன். ஆகையால் சோதனையின் பலவிதக் கூறுகளில் அந்தத் தனிமை ஒன்றையே இன்று எடுத்துக்கொள்ளத் துணிந்தேன்.

சோதனை என்னும் சொல் நம் நாவில் எத்தனை பொருளில் வழங்குகிறது என்று பாருங்கள். ஒரு குடும்பத்தில் நோயும் கடனும் அடுத்தடுத்து வந்தால், என்ன சோதனை இது என்று வீட்டுப் பெரியவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். பொன்னின் மாற்றை உரைகல்லில் அறிவதும் சோதனையே; சுங்கச் சாவடியில் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பதும் சோதனையே; நள்ளிரவில் ஒருவனைப் பாவத்திற்கு அழைக்கிற இச்சையும் சோதனையே. வடமொழியில் இதற்கு மூலமாகிய சோதனம் என்பதோ அழுக்கு நீக்கித் தூய்மை செய்வதைக் குறிக்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்திலும் பெய்ராஸ்மொஸ் என்ற ஒரே சொல்தான் பரீட்சைக்கும் பாவத் தூண்டுதலுக்கும் நிற்கிறது. யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தை வாசிப்பவர்கள் இதனால் திகைப்பது உண்டு. தொடக்கத்தில் சோதனைகள் வரும்போது மகிழ்ச்சி கொள்ளச் சொல்கிற அப்போஸ்தலன், பத்து வசனங்களுக்கு அப்பால், தேவன் ஒருவனையும் சோதிப்பதில்லை என்று உறுதியாய் மறுக்கிறான். இதில் முரண் இல்லை. ஒரே சம்பவம், நம்மைத் தூய்மைப்படுத்துவதற்கென்று தேவனால் அநுமதிக்கப்படுவதாகவும், நம்மைக் கெடுப்பதற்கென்று சத்துருவால் பயன்படுத்தப்படுவதாகவும் இருக்கலாம். அது எதுவாக முடியும் என்பது, அந்த வேளையில் நாம் யாரோடு பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் இலேசாகச் சொல்லவில்லை. இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் அதற்குள் அடங்கியிருக்கிறது.

வனாந்தரத்தில் நம்முடைய ஆண்டவர் சோதிக்கப்பட்ட வரலாறு எல்லோரும் அறிந்தது. மாற்கு அதனை இரண்டே வசனங்களில் முடித்துவிடுகிறார். மத்தேயுவும் லூக்காவும் தத்தம் நான்காம் அதிகாரத்தில் விரிவாக எழுதுகிறார்கள். எரிகோவுக்கு மேற்கே, வறண்ட சுண்ணாம்புப் பாறைகளாலான செங்குத்தான மலையொன்றை அந்தச் சோதனையின் இடமென்று பழைய மரபு காட்டுகிறது. அதன் பாறைச் சரிவில் ஒட்டிக்கொண்டாற்போல் ஒரு கிரேக்க மடம் இன்றும் இருக்கிறது. அங்கே நடந்தது என்ன? வாள் வீச்சு இல்லை, மல்யுத்தம் இல்லை. ஒரு சம்பாஷணை மட்டுமே நடந்தது. சோதனைக்காரன் மூன்று முறை பேசினான், ஆண்டவர் மூன்று முறை மறுமொழி கூறினார். அந்த மூன்று மறுமொழிகளும் உபாகமத்தின் ஆறாம் அதிகாரத்திலிருந்தும் எட்டாம் அதிகாரத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை; அதாவது, நாற்பது வருஷம் வனாந்தரத்தில் அலைந்து தோற்ற ஒரு ஜனத்திற்கு மோசே சொன்ன வார்த்தைகள். வார்த்தையே மாம்சமானவர் என்று நாம் ஆராதிக்கிறவர், அந்த வேளையில் தமக்கென்று ஒரு புது வார்த்தையைப் படைக்காமல், நாசரேத்தின் ஜெப ஆலயத்தில் ஏழைப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்திருக்கக் கூடிய பழைய வார்த்தைகளையே கையில் எடுத்தார். சத்துருவும் வேதத்தை அறிந்தவனே. அவன் 91-ஆம் சங்கீதத்தை எடுத்துக் காட்டினான் என்பதை மறக்க வேண்டாம்.

இந்த வரலாற்றில் வேறொரு கேள்வி இருக்கிறது. அது என்னைப் பல ஆண்டுகள் விடாமல் தொடர்ந்தது. இதை யார் பார்த்தார்? யோவான்ஸ்நானன் அங்கே இல்லை. பேதுருவும் அந்திரேயாவும் இன்னும் அழைக்கப்படவில்லை. மாற்கு சொல்லுகிறபடி அங்கே காட்டு மிருகங்களும் தேவதூதருமே இருந்தார்கள். அப்படியானால் சுவிசேஷகர்களுக்கு இது எப்படி எட்டியது? ஆண்டவர் தாமே, எப்போதோ ஒரு நாள், தம்முடைய சீஷர்களுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தோன்றவில்லை. எண்ணிப் பார்க்கையில் என் உள்ளம் நடுங்குகிறது. பாவமறியாதவர், தமக்கு வந்த பசியின் ஆசையையும், புகழின் ஆசையையும், ராஜ்யங்களின் ஆசையையும், தம்மைப் பின்பற்றின மீன்பிடிகாரரிடத்தில் வாய்விட்டுச் சொன்னார். கெத்செமனே தோட்டத்திலும் அவர் அப்படியே செய்தார்: மூன்று பேரைத் தனியே அழைத்துக்கொண்டு போய், தம் ஆத்துமா படுகிற துக்கத்தை மறைக்காமல் அவர்களிடம் கூறி, தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். ஆனால் அவர் கேட்டார் என்பதே நமக்கு வேண்டியது.

இனி, உங்களில் அநேகர் அதிகம் கேள்விப்பட்டிராத ஒரு மனிதனின் கதைக்கு வருகிறேன்.

கருங்கடலுக்குத் தெற்கே, வேதாகமத்தில் பொந்து என்று வழங்கும் நாட்டில், ஏறத்தாழ கி.பி. 345-இல் எவாக்ரியுஸ் என்பவர் பிறந்தார். கூர்மையான புத்தி, அழகிய பேச்சு, பெரியோர்களின் அன்பு ஆகிய மூன்றும் இளமையிலேயே அவருக்கு வாய்த்தன. செசரியாவின் மகா பேசில் அவரை ஆலயத்தில் வேதம் வாசிப்பவராக நியமித்தார். நசியான்சு ஊர் கிரெகோரியார் அவரை உதவிக் குருவாக அபிஷேகம் செய்தார். கிரெகோரியாரோடு தலைநகரான கொன்ஸ்தாந்திநோபிளுக்குச் சென்று, 381-ஆம் ஆண்டின் திருச்சபைப் பேரவைக் காலத்தில் தர்க்கத்தில் வல்லவரென்று பெயர் பெற்றார். அந்த உச்சியில்தான் இடறல் வந்தது. உயர் அதிகாரி ஒருவரின் மனைவியிடத்தில் அவர் மனம் சிக்கிக்கொண்டது; அவளும் அவரை விரும்பினாள். திருச்சபையின் எதிரிகளை வாதத்தில் வாயடைக்கச் செய்த மனிதரால் தம் உள்ளத்தின் ஒரு குரலை வாயடைக்கச் செய்ய முடியவில்லை. பின்னாளில் அவருடைய சீஷரான பல்லாதியுஸ் எழுதிவைத்திருக்கும் வரலாற்றின்படி, தாம் கைதியாகிக் கழுத்திலும் கைகளிலும் சங்கிலி பூண்டு நிற்பதாக அவர் ஒரு தரிசனம் கண்டார். நண்பன் உருவில் வந்த ஒருவன் அறிவுரை சொல்ல, ஊரை விட்டுப் போய்விடுவதாகச் சுவிசேஷப் புத்தகத்தின் மேல் ஆணையிட்டார். விழித்தெழுந்தபின், கனவில் செய்த ஆணையானாலும் ஆணை ஆணைதான் என்று தம் உடைமைகளைக் கப்பலேற்றி எருசலேமுக்குப் புறப்பட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால், ஓடித் தப்பியவரின் கதையாக அது நமக்குப் பயன்பட்டிருக்கும். ஆனால் அது முடியவில்லை. ஒலிவ மலையில் மடம் நடத்திவந்த மெலானியா என்னும் ரோமச் சீமாட்டி, இருபத்திரண்டு வயதிலேயே கணவனை இழந்து தன் பெருஞ் செல்வத்தைத் தேவ ஊழியத்திற்குக் கொடுத்தவள், அவரை வரவேற்றாள். அங்கே எவாக்ரியுஸ் மறுபடியும் நல்ல ஆடைகளை மாற்றி மாற்றி உடுத்தவும், பேச்சினால் பெயர் வாங்கவும் தொடங்கினார். தலைநகரை விட்டு வந்தவர் தலைநகரைத் தம்மோடு கொண்டுவந்திருந்தார். பின்பு கடுங்காய்ச்சலில் விழுந்து, ஆறு மாதம் உடல் உருகிக் கிடந்தார். மருத்துவர்களுக்கு நோயின் மூலம் தெரியவில்லை. மெலானியா அவர் படுக்கையருகே வந்து, மகனே, இத்தனை நாள் நீடிக்கிற இந்த நோய் எனக்குச் சரியாகப் படவில்லை, உன் மனத்தில் இருப்பதைச் சொல் என்கிற கருத்தில் பேசினாள். அப்போதுதான் அவர், ஊரை விட்டு ஓடின நாளிலிருந்து யாருக்கும் சொல்லாமல் மறைத்துவைத்திருந்த முழுக் கதையையும் வாய்விட்டுச் சொன்னார். அவள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. துறவு வாழ்வை மேற்கொள்வதாக ஒரு வாக்கு மட்டும் கேட்டுப் பெற்று, அவருக்காக ஜெபித்தாள். சில நாட்களுக்குள் அவர் எழுந்து உட்கார்ந்தார்.

மருத்துவம் அறிந்தவர்கள் அந்தக் காய்ச்சலுக்கு வேறு காரணம் கூறக் கூடும். அதில் எனக்கு வழக்கு இல்லை. நான் உங்கள் கவனத்தைக் கோருவது ஒன்றிற்கே: கப்பலேறி ஓடினது அவரை ஒரு சந்தர்ப்பத்திலிருந்து காப்பாற்றிற்று, சொன்னதே அவரைக் குணமாக்கிற்று.

பிறகு அவர் எகிப்துக்குப் போனார். நைல் நதியின் கழிமுக நிலத்துக்கு மேற்கேயுள்ள நித்திரியாவில் இரண்டு ஆண்டும், அதற்கு அப்பால் கெல்லியா என்ற வனாந்தரத்தில் பதினான்கு ஆண்டும் வாழ்ந்து 399-இல் மரித்தார். கெல்லியா என்றாலே சிற்றறைகள் என்று பொருள். ஒருவர் குரல் ஒருவருக்குக் கேளாத தூரத்தில் ஒவ்வொருவரும் தம் அறையில் ஐந்து நாள் தனித்திருப்பர், சனியும் ஞாயிறும் கூடி ஆராதிப்பர். நாளொன்றுக்கு ஒரு பவுண்டு ரொட்டியும், மூன்று மாதத்துக்கு ஒரு படிக்கும் குறைவான எண்ணெயுமே அவருடைய ஆகாரம். மற்றவர்கள் பாய் முடைந்தும் கூடை பின்னியும் ஜீவித்தபோது, கையெழுத்து அழகியவரான இவர் நூல்களைப் பிரதியெடுத்து, சாப்பாட்டுக்கு வேண்டிய அளவு மட்டும் கூலி வாங்கினார்.

அந்த அறையில் உட்கார்ந்து அவர் மனித மனத்தை ஆராய்ந்ததைப் போல் அதற்கு முன் கிறிஸ்தவ உலகில் யாரும் ஆராய்ந்ததில்லை என்பது என் எண்ணம். மனிதனைத் தாக்கும் தீய நினைவுகளைப் பெருந்தீனி, விபசாரம், பொருளாசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்புகழ், அகந்தை என எட்டாக அவர் வகுத்தார். இரு நூற்றாண்டுகள் கழித்து ரோமாபுரியின் மகா கிரெகோரியார் இதனையே திருத்தி ஏழாக்க, ஏழு தலையான பாவங்கள் என்று மேற்குத் திருச்சபை முழுவதும் கற்பிக்கலாயிற்று. பட்டியலை விட அதிலுள்ள ஒன்றைப் பற்றி அவர் எழுதியது என்னை மிகவும் கவர்ந்தது. சோர்வு என்று நான் சொன்ன அதற்கு அவர் வழங்கிய பெயர் அக்கேதியா; உச்சிவேளையில் வருகிற பிசாசு என்றும் அதை அழைத்தார். அந்தப் பெயர் அவருக்கு 91-ஆம் சங்கீதத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து கிடைத்தது. ஆண்டவரை மடக்குவதற்குச் சத்துரு கையில் எடுத்த அதே சங்கீதத்தில்தான், உச்சிவேளைச் சத்துருவைப் பற்றிய எச்சரிக்கையும் இருந்தது!

காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை அது துறவியைச் சூழ்ந்துகொள்ளும் என்கிறார். சூரியன் நகராமல் நின்றுவிட்டதைப் போல் தோன்றும். பகல் ஐம்பது மணி நேரம் நீண்டதைப் போல் இருக்கும். அவன் அடிக்கடி சன்னலை எட்டிப் பார்ப்பான்; சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் எவ்வளவு என்று வெளியே வந்து வெயிலை அளப்பான்; யாராவது சகோதரன் வருகிறானா என்று வழியைப் பார்ப்பான். இடம் பிடிக்காது, வேலை பிடிக்காது. இந்தச் சகோதரரிடத்தில் அன்பே இல்லை என்று தோன்றும். வேறு ஊரானால் தேவனை இன்னும் நன்றாகச் சேவிக்கலாம் என்று எண்ணம் எழும். வீட்டையும் பழைய நாட்களையும் நினைத்து ஏங்குவான். ஆயுள் இன்னும் எத்தனை நீளம் என்று மலைப்பான். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்து மணலில் எழுதப்பட்ட இதைப் படிக்கையில், நம்முடைய அலுவலகங்களின் பிற்பகல்களும், நம் வாலிபர்களின் விடுமுறை நாட்களும் அவருக்கு எப்படித் தெரிந்தன என்று வியக்க வேண்டியிருக்கிறது. பெரும் பாவங்களுக்கு வாசலைத் திறப்பது அநேகமாக இந்தச் சின்னச் சோர்வுதான். தாவீதின் வீழ்ச்சியைச் சொல்லத் தொடங்கும் வேதம், அவன் பத்சேபாளைக் கண்டதைச் சொல்வதற்கு முன்பே, ராஜாக்கள் யுத்தத்திற்குப் புறப்படும் காலத்தில் அவன் எருசலேமில் தங்கிவிட்டான் என்று குறிப்பிடுகிறது. மாலையில் படுக்கையை விட்டெழுந்து உப்பரிகையில் உலாவினான் என்றும் சொல்கிறது. அந்த உலாவலில் பாவம் இல்லை. ஆனால் தன் இடத்தில் இல்லாத மனிதன் அங்கே உலாவிக்கொண்டிருந்தான்.

எவாக்ரியுஸ் எழுதிய நூல்களில் ஒன்றுக்கு எதிர்மொழி என்று பெயர் சொல்லலாம். மேலே கூறிய எட்டு வகைக்கும் எட்டுப் பகுதிகள். ஏறக்குறைய 500 தீய நினைவுகளை ஒவ்வொன்றாகக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் மறுமொழியாகச் சொல்லத்தக்க ஒரு வேத வசனத்தை அதன் அருகே எழுதிவைத்தார். வனாந்தரத்தில் ஆண்டவர் செய்ததையே அவர் ஒரு முறையாக்கினார் என்பது வெளிப்படை. 553-இல் கூடிய பேரவையில், ஆன்மா, படைப்பு ஆகியவற்றைப் பற்றி அவர் கொண்டிருந்த சில ஊகங்கள் கண்டனத்துக்குள்ளாக, அவருடைய பெயரும் மங்கிற்று. இந்த நூலின் கிரேக்க மூலம் அழிந்து, சிரியாக், அர்மீனிய மொழிபெயர்ப்புகளிலேயே இன்று கிடைக்கிறது. அந்தக் கொள்கைகளை நான் இங்கே ஆதரிக்கவில்லை. சோதனைப்பட்ட ஒருவர் சோதனைப்படுகிறவர்களுக்கென்று செய்துவைத்த மருந்துப் பெட்டியாகவே அந்த நூலை மதிக்கிறேன்.

இங்கே ஒரு மயக்கத்தை விலக்க வேண்டும். நினைவு வருவது வேறு, அதற்கு உடன்படுவது வேறு. பொய்மேன் என்ற எகிப்தியத் துறவியிடம் ஒரு சகோதரன் வந்து, எனக்குக் கெட்ட நினைவுகள் மிகுதியாய் வருகின்றன, அழிந்துபோவேன் போலிருக்கிறது என்றானாம். முதியவர் அவனை வெளியே அழைத்துப்போய், மார்பை விரித்துக் காற்றைப் பிடித்து நிறுத்து என்றார். என்னால் ஆகாது என்றான் அவன். காற்று வருவதை நிறுத்த உன்னால் ஆகாததுபோல, நினைவு வருவதை நிறுத்தவும் ஆகாது. ஆனால் அதை எதிர்த்து நிற்பது உன் வேலை என்று அவர் கூறி அனுப்பினார். தீய எண்ணம் ஒன்று தலைகாட்டியவுடனே, நான் விழுந்தாயிற்று, இனி என்ன என்று கைவிட்டுவிடுகிற மென்மனத்தார் நம் சபைகளில், விசேஷமாக வாலிபரிடையே, அதிகம். அவர்களுக்கு இந்தக் கதையை யாராவது சொல்ல வேண்டும்.

மறுமொழி சொல்வது வேறு, விவாதம் செய்வது வேறு என்பதும் அப்படியே. ஏதேன் தோட்டத்தில் ஏவாள் சர்ப்பத்துக்கு மறுமொழிதான் சொன்னாள். ஆனால் அங்கே நின்று பேச்சை வளர்த்தாள், கட்டளையில் இல்லாத ஒன்றையும் கூட்டினாள். போத்திபாரின் வீட்டில் யோசேப்பு முதலில் மறுமொழி சொன்னான். பேச்சுக்கு இடமில்லாத நாள் வந்தபோது வஸ்திரத்தை அவள் கையிலே விட்டு ஓடினான். மாம்ச இச்சையோடு நின்று தர்க்கம் செய்து வென்றவன் இல்லை. அகஸ்தீனார் 400-ஆம் ஆண்டையொட்டி எழுதிய தம் அறிக்கை நூலில் தம் நண்பர் அலிப்பியுஸைப் பற்றிச் சொல்வதை நினைத்துப் பாருங்கள். மனிதர் மனிதரைக் கொன்று காட்டுகிற ரோமாபுரியின் கேளிக்கை அரங்கை அவர் அருவருத்தவர். தோழர்கள் வலிந்து இழுத்துச் சென்றபோது, என் உடலைத்தான் அங்கே கொண்டுபோகலாம் என்று சொல்லி, கண்களை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவன் விழுந்தான்; கூட்டம் ஆரவாரித்தது. காதுகளை மூட மறந்திருந்தார். ஓசைக்குக் கண் திறந்தது. திறந்த கண் இரத்தத்தைப் பார்த்தது. அந்த நொடியிலேயே அவரும் கூட்டத்தில் ஒருவராகி, பிறகு பிறரை இழுத்து வருபவராகவும் ஆனார். தம் பலத்தை நம்பி அந்த இருக்கையில் உட்கார்ந்தபோதே அவர் தோற்றுவிட்டார் என்றே நான் நினைக்கிறேன்.

இங்கிலாந்துக்கு வருவோம். பெட்போர்டு அருகே 1628-இல் பிறந்து, பழுதான பாத்திரங்களைச் செப்பனிடும் தொழில் செய்த ஜான் பனியனைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் நன்கு அறிவார்கள். அவருடைய மோட்ச பிரயாணத்தைத் தழுவிக் கிருஷ்ணபிள்ளை பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்து, இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. அந்தக் கதையில் மரண நிழலின் பள்ளத்தாக்கைக் கடக்கிற பிரயாணியின் பின்னால் ஒரு தீய ஆவி மெல்ல வந்து, தேவதூஷணமான வார்த்தைகளைக் காதில் ஓதும்; அவை தன் மனத்திலிருந்தே எழுகின்றன என்று எண்ணி அவன் கலங்குவான். இதைக் கற்பனையென்று கொள்ளாதீர்கள். பனியன் சிறையிலிருந்தபோது 1666-இல் வெளிவந்த தம் சுயசரிதையில், கிறிஸ்துவை விற்றுவிடு என்று ஒரு குரல் தம்மை இரவும் பகலும், உண்ணும்போதும் விறகு பிளக்கும்போதும் விடாமல் நச்சரித்ததை எழுதுகிறார். மாட்டேன், மாட்டேன் என்று அவர் ஓயாமல் தனியே மறுத்துக்கொண்டிருந்தார்; ஒரு நாள் காலை, களைப்பின் மிகுதியால், கிறிஸ்து விரும்பினால் போகட்டுமே என்ற நினைவு நெஞ்சைக் கடந்து போயிற்று. அவ்வளவுதான். தாம் மன்னிப்பில்லாத பாவத்தைச் செய்துவிட்டதாக நம்பி ஆண்டுக்கணக்கில் நரகவேதனைப்பட்டார்.

அந்த வேதனையின் நடுவில், வயதில் மூத்த ஒரு விசுவாசியிடம் துணிந்து தம் நிலையை எல்லாம் சொன்னார். பரிசுத்த ஆவிக்கு விரோதமான பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று அஞ்சுகிறேன் என்றார். அந்தப் பெரியவர், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது என்று பதில் சொன்னார்.

சகோதரரே, இந்த வரியை முதன்முதல் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். ஏனெனில் இந்தப் பெரியவரை நான் முன்னமே சந்தித்திருந்தேன். எவாக்ரியுஸின் வழிவந்தவரும், எகிப்தியத் துறவிகளின் போதனைகளை மேற்கு நாட்டுக்குக் கொண்டுசென்றவருமான காசியான், பனியனுக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய உரையாடல்களில் இரண்டாவதில், இதே பெரியவர் வருகிறார். காசியான் அவர் பெயரைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். மாம்ச இச்சையால் வாதிக்கப்பட்ட ஓர் இளந்துறவி அவரிடம் வந்து தன் போராட்டத்தைச் சொன்னான். நீயெல்லாம் துறவி என்ற பெயருக்கே தகுதியில்லாதவன் என்று அவர் சீறினார். இளைஞன் நம்பிக்கை முழுதும் இழந்து, துறவைத் துறந்து ஊருக்குத் திரும்ப வழிநடந்தான். எதிரே வந்த அப்பொல்லோ என்னும் முதியவர் அவன் முகத்தைப் பார்த்து, விடாமல் கேட்டு, விஷயத்தை அறிந்தார். மகனே, இந்த வயதிலும் எனக்கு நாள்தோறும் இந்தப் போராட்டம் உண்டு, இன்று ஒரு நாள் மட்டும் எனக்காக உன் அறைக்குத் திரும்பிப் போ என்று கெஞ்சி அனுப்பினார். பின்பு கடிந்துகொண்டவருடைய குடிலுக்கு வெளியே நின்று, ஆண்டவரே, இந்த இளைஞனின் சோதனையை இந்தக் கிழவர் மேல் திருப்பும். பலவீனரிடத்தில் இரங்குவதை முதுமையிலாவது கற்றுக்கொள்ளட்டும் என்று கண்ணீரோடு ஜெபித்தார். சற்று நேரத்தில் அந்தப் பெரியவர் பித்தரைப் போல் உள்ளும் புறமும் ஓடி, இளைஞன் போன அதே வழியில் ஊரை நோக்கி நடக்கத் தொடங்கினாராம்.

நம்மில் சிலருக்குப் பாவசங்கீர்த்தனம் என்றாலே அது ரோமச் சபைக்குரியது என்ற எண்ணம் இருக்கிறது. லூத்தர் 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்திலேயே பாவ அறிக்கைக்கு ஒரு பகுதி சேர்க்கப்பட்டது என்பதையும், ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்வது யாக்கோபின் நிருபம் என்பதையும் அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். ஆனால் சடங்கைப் பற்றி வாதிடுவது என் நோக்கமன்று. சொல்ல வருகிறவனுக்கு எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே என் கவலை. ஒலிவ மலையில் மெலானியா உட்கார்ந்திருந்தாள். எகிப்தின் வழியில் அப்பொல்லோ நின்றார். பெட்போர்டில் அந்தப் பெரியவர் இருந்தார்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இத்தனை நேரம் பேசியது பொய்யாகும். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு சங்கத்தின் கணக்கை எழுதிவந்த வாலிபன் ஒருவன் மாலை மங்கிய நேரத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். பணம் கையில் புரளும் வேலையைப் பற்றிச் சுற்றிவளைத்துப் பேசினான். ஒரு கேள்வியைக் கேட்க வாயெடுத்து நிறுத்தினான். அவன் எதை நெருங்குகிறான் என்று எனக்குத் தெரிந்தது. நான் அவனை உள்ளே அழைத்து உட்காரவைத்து, எனக்கும் இந்த ஆசைகள் உண்டு தம்பி, சொல் என்று சொல்லியிருக்கலாம். மாறாக, நாணயத்தின் மேன்மையைப் பற்றி அரைமணி நேரம் உபதேசித்தேன். இரண்டு வசனங்களையும் குறித்துக் கொடுத்தேன். அவன் மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, வருகிறேன் ஐயா என்று எழுந்து போனான். நான்கு மாதத்துக்குப் பின் கணக்கில் குறைவு கண்டுபிடிக்கப்பட்டது. அவன் அந்த ஊரிலேயே இல்லை. அந்தப் பணத்தை அன்று மாலைக்கு முன்பே எடுத்திருந்தானா, பின்புதான் எடுத்தானா என்பதை நான் இன்றுவரை அறியேன். அவனுக்கு நான் சொன்ன வசனங்கள் சத்தியமானவையே. அவன் சொல்ல வந்ததைச் சொல்வதற்கு இடம் கொடாதபடி நான் அவற்றைச் சொன்னேன்.

ஆகையால் இந்தக் கூட்டத்தில் இருக்கும் மூப்பர்களே, உபதேசியார்களே, ஆசிரியர்களே, தாய் தகப்பன்மாரே, உங்களிடத்தில் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடு சீர்ப்படுத்தும்படியும், அப்போது நீயும் சோதிக்கப்படாதபடி உன்னையே பார்த்துக்கொள்ளும்படியும் பவுல் கலாத்தியருக்கு எழுதினதை வீட்டுக்குப் போனதும் ஒரு முறை வாசியுங்கள். இந்த லெந்து நாட்களில் மாமிசத்தையும் வேறு பலவற்றையும் விட்டிருக்கிறீர்கள்; அதோடு ஒரு மாலைப் பொழுதையும் விட்டுவையுங்கள். ஒருவன் உங்கள் திண்ணைக்கு வந்து, எதையோ சொல்ல முடியாமல் சுற்றிவளைத்துப் பேசினால், விளக்கை ஏற்றி, அவனை உள்ளே அழைத்து உட்காரவைத்து, அவன் பேசி முடிக்கும் வரையில் தயவுசெய்து நீங்கள் பேசாதிருங்கள்.